கவிழ்த்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்: பழைய நாற்காலிகள் பற்றிக் கேள்வி பதில்

கே: ஆன்டிக் எது, விண்டேஜ் எது?

ப: நூறு வயதைத் தாண்டினால் ஆன்டிக், அதற்குக் கீழே விண்டேஜ். வியாபாரத்தில் அவ்வளவுதான். உட்கார்ந்து பழகப்போகும் நாற்காலிக்கு வயதைவிட மூட்டு முக்கியம்.

கே: விற்பவர் முன்னால் ஐந்து நிமிடம்தான் கிடைக்கும். எதைப் பார்ப்பது?

ப: முதலில் கவிழ்த்துப் பாருங்கள். மேலே பாலிஷ் போட்டு எதையும் மறைக்கலாம். அடிப்பக்கத்தில் யாரும் மெனக்கெடுவதில்லை. இருக்கைச் சட்டத்தின் உள்மூலைகளில் முட்டுக்கட்டைகள் நான்கும் இருக்கின்றனவா? புதிய மரம் பளிச்சென்று தெரிகிறதா? திருகாணித் தலையில் சிலுவைப் பள்ளம் இருந்தால் அது 1930களுக்குப் பிறகு வந்தது. நாற்காலி அதைவிடப் பழையதென்றால் நடுவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். அது குற்றமில்லை, ஆனால் விலை பேசும்போது நினைவிருக்கட்டும்.

அடுத்து, முதுகுச் சட்டத்தை ஒரு கையாலும் இருக்கையின் முன்விளிம்பை மறு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். பின்கால் இருக்கையோடு சேரும் மூட்டில்தான் சாயும்போதெல்லாம் பாரம் விழும்; முதலில் விடுவதும் அதுதான். பசை மட்டும் விட்டிருந்தால் சரிசெய்யலாம். கழுந்தே (துளைக்குள் நுழையும் மர முனை) முறிந்திருந்தாலோ, ஆணி அடித்துச் சட்டம் பிளந்திருந்தாலோ விட்டுவிடுங்கள்.

கடைந்த உருண்டைக் காலாக இருந்தால், விட்டம் அளக்கும் காலிப்பரை இரண்டு திசையில் வைத்து அளக்கலாம். மரம் ரேகைக்குக் குறுக்கேதான் சுருங்கும், அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக அல்ல. அதனால் பழைய கால் லேசாக முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும். தேய்மானத்துக்கும் ஒரு நியாயம் உண்டு: கை நுனி, கால் வைக்கும் முன் குறுக்குச் சட்டம், காலடி. யாரும் தொடாத இடத்திலும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் அது உப்புத்தாள் வேலை.

கே: சாப்பாட்டு மேசைக்கு எந்த உயரம்?

ப: இருக்கைக்கும் மேசைப் பலகைக்கும் இடையே 28 முதல் 30 செ.மீ. மேசை 75 என்றால் இருக்கை 45 முதல் 47. இருக்கை 40-க்குக் கீழே இருந்தால், காலடி உளுத்துப்போய் யாராவது அறுத்திருக்கலாம், கவிழ்த்துப் பாருங்கள். கை வைத்த நாற்காலி என்றால் கையின் உயரத்தையும் அளங்கள், மேசையின் பக்கச் சட்டத்தில் இடித்தால் உள்ளே தள்ள முடியாது.

கே: பிரம்பு இருக்கை கிழிந்திருக்கிறது. வாங்கலாமா?

ப: சட்டத்தைச் சுற்றித் துளை வரிசை தெரிந்தால் கைப்பின்னல். ஒவ்வொரு இழையாகப் பின்ன வேண்டும், நாள் பிடிக்கும். துளைக்குப் பதில் பள்ளமும் அதில் அழுத்திய பட்டையும் இருந்தால் ஆயத்தப் பின்னல். ஊறவைத்த விரிப்பை இழுத்துப் பொருத்திவிடலாம். கிழியாமல் தொய்ந்திருந்தால் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் நனைத்து ஒரு நாள் ஆறவிடுங்கள், இறுகும். மேல்பக்கம் வழவழப்பு, தண்ணீரை வாங்காது.

கே: ஆடும் மூட்டுக்கு எந்தப் பசை?

ப: வச்சிரம், அதாவது விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசை. பழைய நாற்காலியில் இருப்பது பெரும்பாலும் அதுதான். புது வச்சிரம் பழையதோடு கலந்து ஒட்டும். வெந்நீரும் சூடும் பட்டால் இளகி, அடுத்த தடவை பிரிக்க வழிவிடும். 60 டிகிரிச் சூடு போதும். கொதித்தால் பலம் போய்விடும்.

கே: இந்தக் காலத்தில் வச்சிரமா? வெள்ளைப் பசை அதைவிடப் பலமானது. எபாக்சி இன்னும் பலம்.

ப: பலம் என்பதை எதற்கு எதிராக அளக்கிறீர்கள்? மூட்டு மரத்தைவிடப் பலமாக இருந்தால் அடுத்த முறை உடைவது மரம். வெள்ளைப் பசை காய்ந்த பழைய பசைமேல் சரியாகப் பிடிக்காது. கழுந்தையும் துளையையும் வெறும் மரம்வரை சுரண்டினால்தான் ஒட்டும், அப்படிச் சுரண்டச் சுரண்ட மூட்டு தளரும். எபாக்சி போட்டவர் அந்த நாற்காலியின் கடைசி ஆசாரி.

கே: ஈரம் பட்டால் வச்சிரம் விட்டுவிடுமே?

ப: விடும், ஒப்புக்கொள்கிறேன். சாரல் படும் திண்ணையில் போடும் நாற்காலிக்கு வெள்ளைப் பசை தேவலை. ஆனால் திண்ணைக்குப் பழைய நாற்காலியே எதற்கு?

கே: வச்சிரம், வெள்ளைப் பசை இரண்டின் குணமும் புரிந்தது. கழுந்து சிறுத்துத் துளை பெரிதாக இருக்கிறதே, எந்தப் பசை அடைக்கும்?

ப: எதுவும் அடைக்கக் கூடாது. அதே மரத்தில் மெல்லிய சீவலை எடுத்துக் கழுந்தில் ஒட்டி, காய்ந்ததும் துளைக்கேற்பச் செதுக்குங்கள். பிறகு மூட்டில் பசை தடவி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் தொடாதீர்கள். ஆணி வேண்டாம்.

கே: பழைய பாலிஷை உரித்துப் புதிதாக அடிக்கலாமா?

ப: மறைவான இடத்தில் ஸ்பிரிட் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் அரக்குப் பாலிஷ், உரிக்காமலே புதுப்பிக்கலாம்.

கே: பெயின்ட் அடித்த நாற்காலி. உப்புத்தாள் போடலாமா?

ப: உலர்வாகத் தேய்க்காதீர்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், தூசி குழந்தைகளுக்கு ஆபத்து. முதலில் சோதியுங்கள்.

கே: தேக்கு நாற்காலியை உரித்து அடிக்கலாமா?

ப: இரண்டு கேள்விக்கு மேலே பாருங்கள்.

கே: சிறு சிறு துளைகள் இருக்கின்றன. மரத்தைத் தின்னும் உளுப்பானா?

ப: கருப்புத் தாளை விரித்து அதன்மேல் நாற்காலியை வையுங்கள். சில வாரங்களில் வெளிறிய தூள் கொட்டினால் உள்ளே உயிர் இருக்கிறது. சுத்தமாக இருந்தால் பழைய துளையாக இருக்கலாம். ஆனால் புழு வெளியே காட்டாமல் ஆண்டுக்கணக்கில் தின்னும், அதனால் ஒரு வருடம் கண்காணியுங்கள். இதையும் வாங்கும்முன் கவிழ்த்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

கே: வளைத்த மரத்தில் செய்த கஃபே நாற்காலி ஒன்று கிடைத்திருக்கிறது. அசல் தோனெட்டா?

ப: வளைத்த மர நாற்காலிகளுக்குப் பெயர்பெற்ற மிகேல் தோனெட்டின் 14ஆம் எண் நாற்காலி 1859இல் வந்தது, ஆறு மரத்துண்டு, பத்து திருகாணி, இரண்டு நட்டு. காப்புரிமை 1869இல் முடிந்ததும் பலரும் அதே வடிவத்தைச் செய்தார்கள். வடிவத்தை வைத்துச் சொல்ல முடியாது. இருக்கை வளையத்தின் உள்பக்கம் முத்திரையோ ஒட்டிய தாளோ இருக்கிறதா பாருங்கள்.

கே: மெத்தை வைத்த சோபா?

ப: வேறு கைவேலை. மெத்தைக்காரரைக் கேளுங்கள்.

கே: ஒரு கால் தரையில் படவில்லை. மற்ற மூன்றையும் கொஞ்சம் அறுத்துவிடலாமா?

ப: அறுக்காதீர்கள். முதலில் சமமான கல்மேல் வைத்துப் பாருங்கள், பாதி நேரம் தரைதான் கோணல். கல்மேலும் ஆடினால் மூட்டு திருகியிருக்கும். பிரித்து, சமதளத்தில் நிறுத்தி மறுபடி ஒட்டினால் நாலு காலும் இறங்கிவிடும்.