வெடிச் சத்தத்துக்கு அண்ணா குப்புறப் படுத்தால்

பிடித்து எழுப்பாதீர்கள், தங்கச்சி. தொட்டால் கை ஓங்குகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அந்த நேரம் அது உங்கள் கை என்று அவருக்குத் தெரியாது. நாலடி தள்ளி, அவர் கண்ணில் படும்படி நின்று மெதுவாகச் சொல்லுங்கள்: "அண்ணா, நான்தான். இது எங்கட வீடு. கேட்டது கோயில் வெடி." முகம் திரும்பியதும் ஒரு செம்பு தண்ணீர் கொடுங்கள்.

போரில் செல் (பீரங்கிக் குண்டு) வரும்போது படுத்தால்தான் உயிர். 2009இல் போர் முடியும் வரை உடம்பு பழகியது அது. பைத்தியம் இல்லை.

ஒரு கிழமைக்குக் கொப்பியில் குறியுங்கள்: எந்த நேரம், என்ன சத்தம், குடித்திருந்தாரா. உடம்பில் செல் துண்டு இருந்தால் அந்த வலியும் தூக்கத்தைக் கெடுக்கும். கொப்பியோடு கிளிநொச்சி மாவட்ட வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.

சாவைப் பற்றிப் பேசினால் மட்டும் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம். உடனே தேசிய மனநல உதவி எண் 1926க்கு அழையுங்கள், அவரைத் தனியே விடாதீர்கள்.