24 வருட சர்வீஸ் பணம்: பென்ஷனில் பாதியை கம்யூட் செய்யலாமா?

கேள்வி: என் வீட்டுக்காரர் ராணுவத்தில் ஹவில்தார். 24 வருட சர்வீஸ் முடித்து, 43 வயதில் அடுத்த வருடம் ரிட்டயர் ஆகி வருகிறார். பென்ஷன் மாதம் 24,000 ரூபாயும் அகவிலைப்படியும் வரும் என்கிறார். பாதி பென்ஷனை கம்யூட் செய்தால் (மாதா மாதம் வாங்குவதற்குப் பதில் மொத்தமாக வாங்கினால்) பி.எஃப்., கிராஜுவிட்டி, குரூப் இன்ஷூரன்ஸ், லீவ் சம்பளம் எல்லாம் சேர்த்துக் கையில் 40 லட்சம் வருமாம். நகைக்கடன் 3 லட்சம், பர்சனல் லோன் 4 லட்சம் பாக்கி. மகள் பிளஸ் ஒன், மகன் ஏழாம் வகுப்பு. மாமனார் வீட்டில்தான் இருக்கிறோம். தனக்குத் தெரிந்த ஃபைனான்ஸில் போட்டால் லட்சத்துக்கு மாதம் 5,000 கிடைக்கும், மீதியில் மனை வாங்கலாம் என்கிறார் கொழுந்தனார். நான் வாய் திறந்தால், “அவன் உயிரைப் பணயம் வைத்துச் சம்பாதித்த காசு, நீ ஏன் பேசுகிறாய்” என்கிறார்கள். நான் கேட்பது தவறா?
- வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: தவறே இல்லை, சகோதரி. வருடத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் கேஷுவல் லீவ், அதுவும் கேட்ட நேரத்தில் கிடைக்காது. மீதி நாளெல்லாம் பிள்ளைகளின் காய்ச்சல், பள்ளிக்கூடம், மாமனார் மாமியாரின் மருந்து மாத்திரை எல்லாம் உங்கள் தலையில். ஃபீல்டு போஸ்டிங்கில் அவர் இருந்தபோது போன் வராத இரவுகளும் உங்களுக்குத்தான். கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் இருக்கும் மாவட்டத்தில் இதை விளக்க வேண்டியதே இல்லை. அவர் எல்லையில் நிம்மதியாக நின்றார் என்றால், பின்னால் வீட்டை நீங்கள் பிடித்துக்கொண்டு நின்றதால்தான். இது இரண்டு பேர் சம்பாதித்த பணம். எங்கே போடுவது என்பதையும் இரண்டு பேரும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் கம்யூட்டேஷன். உங்கள் குடும்பத்தில் எல்லோரும் இதை அரசாங்கம் கொடுக்கும் போனஸ் என்று நினைப்பதாகத் தெரிகிறது. அது போனஸ் இல்லை, உங்கள் சொந்த பென்ஷனிலிருந்து வாங்கும் முன்பணம். 24,000-இல் பாதியான 12,000-ஐ விட்டுக்கொடுத்தால், அவர் வயதுக்கு ஒரு வருடத் தொகையைப் போல 9 மடங்கு, அதாவது சுமார் 13 லட்சம் கிடைக்கும். அதற்காக 15 வருடம் மாதம் 12,000 பிடிப்பார்கள். மொத்தம் 21 லட்சத்து 60 ஆயிரம். வட்டிக் கணக்கு போட்டால் ஏறக்குறைய 7.4 சதவீதம் வருகிறது. இதை எழுதும்போது போஸ்ட் ஆபீஸ் மாத வருமானத் திட்டம் கொடுப்பதும் அதே 7.4 சதவீதம்தான். ஆக, கம்யூட் செய்து டெபாசிட்டில் போடுவதில் லாபம் ஒன்றும் இல்லை.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்கிறேன். கம்யூட் செய்யும் தொகைக்கு வரி இல்லை. அகவிலைப்படி முழு 24,000-க்கும் வந்துகொண்டே இருக்கும். 15 வருடம் முடிவதற்குள் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டாலும் மீதியை உங்கள் குடும்ப பென்ஷனில் பிடிக்க மாட்டார்கள். அதனால் 7.4-ஐ விட அதிக வட்டிக் கடன் இருந்து, அதை அடைக்க வேறு வழியே இல்லை என்றால் கம்யூட் செய்வதில் தப்பில்லை. உங்களுக்கு வேறு வழி இருக்கிறது. கம்யூட்டேஷனை விட்டுவிட்டாலும் 27 லட்சம் வருகிறது, 7 லட்சம் கடன் அதிலேயே தீர்ந்துவிடும். என் யோசனை, இப்போது கம்யூட் செய்ய வேண்டாம். ரிட்டயர் ஆகி ஒரு வருடத்துக்குள் மருத்துவப் பரிசோதனை இல்லாமலே விண்ணப்பிக்க வழி உண்டு. அதற்குள் வீடு கட்டுவதா, அவருக்கு என்ன வேலை கிடைக்கிறது என்பதெல்லாம் தெளிவாகிவிடும். பேப்பரில் கையெழுத்து போடும் முன் அவர் யூனிட்டில் இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளட்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. பட்டாளத்திலிருந்து வருபவர் கையில் மொத்தமாகப் பணம் இருப்பது ஊருக்கே தெரியும். அவரோ 24 வருடமாக வெளியே இருந்தவர், யாரை நம்பலாம் என்று அவருக்குப் பழக்கம் இல்லை. மாதம் மாதம் வரும் பென்ஷனை யாரும் மொத்தமாகக் கேட்டு வாங்க முடியாது.

கொழுந்தனார் சொல்லும் ஃபைனான்ஸுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மாதம் 5 சதவீதம் என்றால் வருடத்துக்கு 60 சதவீதம். எந்த நேர்மையான தொழிலும் அதைக் கொடுத்துத் தாங்காது. உங்கள் வட மாவட்டங்களில் இப்படி மாத வட்டி ஆசை காட்டி ஓடிப்போனவர்களிடம் பணத்தை விட்டவர்களில் முன்னாள் ராணுவத்தினரும் இருக்கிறார்கள். பனியிலும் பாலைவனத்திலும் நின்று சேர்த்ததை அப்படி இழந்த குடும்பங்களை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. கொழுந்தனார் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அந்த நிறுவனம் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க ரிசர்வ் வங்கியின் அனுமதிச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். பேச்சு அதோடு முடியும்.

சரி, கடன் போக மீதி 20 லட்சத்தை என்ன செய்வது? 2 லட்சம் அவசரத்துக்கு வங்கியில் இருக்கட்டும். 4 லட்சத்தை மகள் கல்லூரியில் சேரும் சமயத்தில் முதிர்வடையும்படி எஃப்.டி. போடுங்கள். 10 லட்சத்தை போஸ்ட் ஆபீஸ் மாத வருமானத் திட்டத்தில் இருவர் பெயரிலும் கூட்டுக் கணக்காகப் போட்டால் மாதம் 6,000 ரூபாய்க்குச் சற்று மேல் வரும். கடைசி 4 லட்சத்தை மகன் படிப்புக்காக இண்டெக்ஸ் ஃபண்டில் (பங்குச்சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் மியூச்சுவல் ஃபண்ட்) ஒன்றரை வருடத்துக்குப் பிரித்துப் போடலாம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தை யாராவது சொன்னால், அதில் ராணுவத்தினருக்கு 50 வயதிலிருந்துதான் இடம். மனை இப்போதைக்கு வேண்டாம், முதல் வருடம் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு யோசிக்கலாம்.

43 வயது ஓய்வெடுக்கும் வயது இல்லை என்பதால் அடுத்த வேலைதான் உங்கள் பெரிய சொத்து. மத்திய அரசு குரூப் சி பணிகளில் முன்னாள் படைவீரருக்கு 10 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, முன்னாள் வீரர்களை எடுக்கும் பாதுகாப்புப் படையான டி.எஸ்.சி. இருக்கிறது. சர்வீஸின் கடைசி வருடத்தில் கிடைக்கும் மறுவாழ்வுப் பயிற்சியை அவர் விட்டுவிட வேண்டாம். வந்தவுடன் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு செய்யட்டும். மகள் பிளஸ் டூவில் 60 சதவீதம் எடுத்துத் தொழிற்கல்வியில் சேர்ந்தால் பிரதமர் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், தேர்வானால் மாதம் 3,000 ரூபாய். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். அட்டைக்கு ரிட்டயர் ஆகும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். மாமனார் மாமியார் அவரைச் சார்ந்து, வருமான வரம்புக்குள் இருந்தால் அவர்களையும் அதில் சேர்க்கலாம்.

சர்வீஸில் இருந்தபோது இருந்த குரூப் இன்ஷூரன்ஸ் அளவு வெளியே வந்த பிறகு இருக்காது, வெகுவாகக் குறையும். அதனால் அவர் பெயரில் 60 வயது வரை 50 லட்சத்துக்கு ஒரு டேர்ம் பாலிசி (அந்தக் காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எடுக்கச் சொல்லுங்கள். சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்: அவருக்குப் பிறகு சாதாரணக் குடும்ப பென்ஷனாக முதல் 7 வருடம் (அவருக்கு 67 வயது ஆகும் காலம் வரை, எது முன்னதோ) 24,000 ரூபாயும், பிறகு கடைசிச் சம்பளமான 48,000-இல் 30 சதவீதமாக 14,400 ரூபாயும் உங்களுக்கு வரும். அகவிலைப்படி தனி.

இது தடையில்லாமல் வர வேண்டுமானால் பேப்பர் சரியாக இருக்க வேண்டும். உங்கள் கல்யாணமும் இரண்டு பிள்ளைகளின் பிறப்பும் பார்ட் டூ ஆர்டரில் (ராணுவத்தில் குடும்ப விவரங்களைப் பதியும் உத்தரவு) ஏறியிருக்கிறதா, உங்கள் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே அதில் இருக்கிறதா என்று அடுத்த லீவில் வரும்போது காட்டச் சொல்லுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் அவர் யூனிட்டில் இருக்கும்போதே திருத்துவது எளிது. வெளியே வந்த பிறகு ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்குக் கடிதம் எழுதி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் பி.எஃப்.-க்கும் குரூப் இன்ஷூரன்ஸுக்கும் அப்பா அம்மாவை நாமினியாகப் போட்டுவிட்டு மாற்றாமலே இருப்பவர்கள் நிறைய. அதையும் பாருங்கள். பென்ஷன் வரும் வங்கிக் கணக்கை உங்கள் இருவர் பெயரிலும் மாற்றிக்கொள்ளுங்கள். பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் உத்தரவு) வந்ததும் உங்கள் பெயர் அதில் இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பார்த்து, ஒரு நகலை உங்கள் பீரோவில் வையுங்கள். ராணுவ பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தின் பாஸ்வேர்டும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், வருடா வருடம் உயிர்வாழ் சான்றை அதன் வழியாகவும் கொடுக்கலாம்.