டிரிபிள் ஆப்ஷன் அணியோடு மோதும் வாரம்

கேள்வி: ஜார்ஜியா மாநிலத்தில் என் மகன் படிக்கும் உயர்நிலைப் பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு டிஃபென்ஸ் பயிற்சியில் உதவுகிறேன். நாங்கள் ஆடுவது 4-3, அதாவது முன்வரிசையில் நான்கு பேர், அவர்களுக்குப் பின்னால் மூன்று லைன்பேக்கர்கள். போன வருடம் டிரிபிள் ஆப்ஷன் (பந்தோடு யார் ஓடுவது என்பதை மூன்று வழிகளில் ஒன்றாக, ஓடும்போதே முடிவு செய்யும் முறை) ஆடும் அணி ஒன்று எங்களைக் கிழித்துவிட்டது. இந்த வெள்ளிக்கிழமை மறுபடியும் அவர்கள்தான். என்ன செய்யலாம்?

பதில்: போன வருட வீடியோவைப் போட்டு, நீளமான ஓட்டங்களை மட்டும் பாருங்கள். பந்தே இல்லாத ஃபுல்பேக் (நடுவே பாய்ந்து ஓடுபவன்) மேல் உங்கள் பையன்கள் மூன்று பேர் விழுந்து கிடப்பார்கள். பந்து ஓரமாகப் போய்க்கொண்டிருக்கும்.

இந்த ஆட்டத்தின் சூட்சுமம் எண்ணிக்கையில் இருக்கிறது. உங்கள் ஆட்களில் இரண்டு பேரை அவர்கள் வேண்டுமென்றே தடுக்காமல் விடுகிறார்கள். முதல் ஆள், பெரும்பாலும் டிஃபென்சிவ் எண்ட் (முன்வரிசையின் ஓரத்து ஆள்), உள்ளே பாய்ந்தால் க்வாட்டர்பேக் (பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துபவன்) பந்தை இழுத்துக்கொள்வான். பாயாவிட்டால் ஃபுல்பேக்கிடம் கொடுப்பான். இரண்டாவது ஆள் தன் மேல் வந்தால் பிட்ச், அதாவது பக்கத்தில் ஓடி வருபவனிடம் பந்தை வீசுவான், வராவிட்டால் தானே ஓடுவான். அப்படி மிச்சமாகும் இரண்டு பிளாக்கர்கள் (மறித்துத் தள்ளுபவர்கள்) உங்கள் லைன்பேக்கர் மேலும் சேஃப்டி (கடைசி வரிசைக் காவல்காரன்) மேலும் போய் விழுவார்கள்.

அதனால் ஆளுக்கு ஒரு வேலை. டைவ் (ஃபுல்பேக்கின் ஓட்டம்) ஒருவனுக்கு, க்வாட்டர்பேக் ஒருவனுக்கு, பிட்ச் ஒருவனுக்கு. 4-3இல் எண்ட் டைவை அடைக்கட்டும், அவுட்சைட் லைன்பேக்கர் க்வாட்டர்பேக்கை எடுக்கட்டும், சேஃப்டி பிட்சுக்கு இறங்கட்டும். இதற்கு ஒரு மாற்று வைத்துக்கொள்ளுங்கள்: எண்ட் க்வாட்டர்பேக்குக்கு, மிடில் லைன்பேக்கர் டைவுக்கு, அவுட்சைட் லைன்பேக்கர் பிட்சுக்கு. இந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் க்வாட்டர்பேக்கின் கணக்கு குழம்பும். மூன்றாவதாக ஒன்று சேர்த்தால் குழம்பப்போவது உங்கள் பையன்கள்தான்.

எப்போதும் முதலில் டைவை நிறுத்துங்கள். அது ஓடினால் மற்றதெல்லாம் தானாகத் திறக்கும். க்வாட்டர்பேக்கை எடுப்பவன் தலைதெறிக்க ஓடக் கூடாது. தோள்களை நேராக வைத்து, பக்கவாட்டில் நகர்ந்து, அவனை யோசிக்க விட வேண்டும். அவன் தயங்கும் அந்த ஒரு நொடியில் உள்ளிருந்து உதவி வந்து சேரும். ஆனால் பந்து கையை விட்டுப் போன பிறகு தாமதமாக மோதினால் பெனால்டி, இதையும் சொல்லிவையுங்கள்.

பயிற்சிக்கு வருவோம். திங்களும் செவ்வாயும் பந்தே இல்லாமல் ஆடுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை, பல கோச்சுகள் செய்வதுதான். பந்து இல்லையென்றால் பையன் எதைத் துரத்துவான்? தன் ஆளைத்தான் பிடிப்பான். கூடவே தினமும் பத்து நிமிடம் காலில் விழும் பிளாக்குக்குப் பழக்குங்கள்: கண் தாழ்ந்து, இடுப்பு இறங்கி, இரண்டு கையாலும் பிளாக்கரின் தோளைத் தரையை நோக்கி அழுத்தி, காலைப் பின்னால் எடுக்க வேண்டும்.

தயாராக நாள் கிடைத்தால் இதை நிறுத்த முடியும். 2010 ஜனவரியில் ஆரஞ்சு பவுல் கல்லூரி ஆட்டத்தில் ஐயோவா, டிரிபிள் ஆப்ஷன் ஆடிய ஜார்ஜியா டெக்கை மொத்தமே 155 யார்டில் அடக்கி 24-14 என்று வென்றது. உங்களுக்கு நான்கே நாள்தான், அதனால் எளிமையாகவே வையுங்கள்.

அப்புறம் பொறுமை. 2018இல் இதே முறையை ஆடிய ஆர்மி அணி ஓக்லஹோமாவுக்கு எதிராக ஏறக்குறைய 45 நிமிடம் பந்தைத் தன்னிடமே வைத்திருந்தது. ஓக்லஹோமா ஓவர்டைமில் 28-21 என்று தப்பித்தது. டவுனுக்கு, அதாவது ஒரு முயற்சிக்கு, மூன்று யார்டு போனால் போகட்டும், யாரும் வேலையை விட்டு வீரம் காட்ட வேண்டாம்.

கடைசியாக கார்னர், அதாவது ஓரத்தில் நின்று ரிசீவரை (பாஸ் பிடிப்பவனை) காவல் காப்பவன். ஓட்டத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், மூன்றாவது குவார்ட்டரில் அவனும் உள்ளே ஓடி வருவான். அந்த நேரம் பார்த்துத்தான் அவன் தலைக்கு மேல் பாஸ் போகும். அவனிடம் வாரம் முழுக்க ஒரே பேச்சு: உன் ரிசீவர் உன்னை பிளாக் செய்யும்வரை உனக்கு ஓட்டமே கிடையாது.