நயவுரை கேட்டுப் பழகின காது: ரீச்சரிட்ட கேள்வி பதில்

சின்னச் சஞ்சிகை ஒண்டைப் பன்னிரண்டு வருசம் நடத்தி, மூண்டு சிறுகதைத் தொகுப்பும் போட்ட ரீச்சரிட்ட எங்கட வாசகர் வட்டம் ஞாயிறு பின்னேரம் கேள்வி அனுப்பினது. விசயம்: புத்தகத்தைத் திட்டினால் என்ன செய்யிறது, எழுதின ஆளைத் திட்டினால் என்ன செய்யிறது.

கோண்டாவில்: வெளியீட்டு விழாவில எல்லாரும் புகழ்ந்தவை. அடுத்த கிழமை முகநூலில ஒருத்தர் "பன்னிரண்டு கதையில பத்து ஏற்கெனவே படிச்ச கதை" எண்டு எழுதிப் போட்டார். மூண்டு நாளாய் நித்திரையில்லை.

மேடையில ஆர் ஆர் இருந்தவை? முதற்பிரதி வாங்கின முதலாளி புத்தகத்தைத் திறந்திருக்க மாட்டார். நயவுரை சொன்னவர் உங்கட மாமாவோட படிச்சவராய் இருப்பார். அதைக் கேட்டுப் பழகின காதில முதலாவது உண்மையான வாசிப்பு அறை மாதிரித்தான் விழும். அந்த மனிசன் பன்னிரண்டையும் எண்ணியிருக்கிறார், அப்ப வாசிச்சும் இருக்கிறார். மிச்ச ரண்டு கதை எது எண்டு யோசிச்சீங்களோ?

பதில் எழுதாதையுங்கோ. நன்றியும் எழுதாதையுங்கோ, எழுத்தாளரே வந்திட்டார் எண்டு கீழ கூத்துத் தொடங்கும். என்ர முதல் தொகுப்புக்கு ஒரு பேப்பரில "கதையிலயும் வகுப்பெடுக்கிறா" எண்டு ஒரு வரி வந்தது. கொதியில நாலு பக்கம் எழுதிக்கொண்டு போனன், தபால் கந்தோர் பூட்டி. வீட்டை வந்து திரும்ப வாசிக்க வெக்கமாய்ப் போச்சு. ரண்டாவது தொகுப்பில கதைகளின்ர கடைசிப் பந்திகளை வெட்டினது அந்த வரியாலதான். உங்கட கையில இருக்கிற தபால் கந்தோர் பூட்டுறதே இல்லை. அதால ராத்திரி ஒன்பது மணிக்குப் பிறகு ஒருத்தருக்கும் பதில் எழுதிறேல்லை எண்டு நீங்களே பூட்டிக்கொள்ளுங்கோ.

கொக்குவில்: மோசமாய் விமர்சனம் எழுதினவருக்கு வழக்குப் போடலாமோ?

அவதூறு 2002இலயே எங்கட குற்றவியல் சட்டத்தில இருந்து போட்டுது. மிச்சம் சிவில் மானநட்ட வழக்குத்தான். அதிலயும் "இது என்ர நேர்மையான கருத்து" எண்டு அவருக்கு எதிர்வாதம் இருக்கு. உங்கட புத்தகம் வித்த காசு சட்டத்தரணிக்குக் காணாது.

உடுவில், பெயர் வேண்டாம்: நான் கவிதை எழுதிறன். முதலில கொமென்ற்றில "எந்த ஊர், எந்தப் பகுதி" எண்டு கேட்டினம். பேந்து இன்பொக்ஸில தூசணம். இப்ப என்ர முகத்தை வேற உடம்பில ஒட்டி அனுப்புகினம். வீட்டில சொல்லப் பயம்.

பிள்ளை, இதில விமர்சனம் எண்டு ஒண்டும் இல்லை. கவிதையில ஒரு சொல்லையாவது தொட்டவையோ? இல்லை. அப்ப பொறுத்துப்போக வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

முதல் ஸ்கிரீன்ஷொட், பிறகுதான் றிப்போர்ட். மாறிச் செய்தால் முகநூல் அதைத் தூக்கிப்போடும், உங்கட கையில சாட்சி இராது. படத்தில திகதியும் நேரமும் தெரிய வேணும். கணக்கின்ர பெயரை நம்பாதையுங்கோ, நாளைக்கு மாத்துவினம். புரொபைலின்ர இணைப்பைக் கொப்பி பண்ணி வையுங்கோ. எல்லாம் எடுத்த பிறகு புளொக் பண்ணுங்கோ.

ஒட்டின படம் அந்தரங்கப் படமாய் இருந்து, உங்களுக்குப் 18 வயதும் முடிஞ்சால் ஸ்டொப் என்சிஐஐ எண்டொரு சேவை இருக்கு, 2021இல தொடங்கினது. படம் உங்கட போனை விட்டு வெளியில போகாது. அதின்ர இலக்கக் கைரேகை, அதாவது அந்தப் படத்தை அடையாளம் காட்டுற எண் கோவை மட்டும்தான் போகும். முகநூல், இன்ஸ்டகிராம் போல சேர்ந்திருக்கிற தளங்கள் அதை வைச்சு அந்தப் படத்தைத் தடுக்கும்.

1938 பெண்களுக்கான அரச உதவி இலக்கம். பொலிஸுக்குப் போறதெண்டால் தனியப் போகாதையுங்கோ, முறைப்பாட்டு இலக்கம் வாங்காமல் திரும்பாதையுங்கோ. 2024ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில தொந்தரவும் குற்றம்தான். எழுதிறவையின்ர வாயைக் கட்டவும் அதே சட்டம் உதவும் எண்டு ஊடகக்காரர் எதிர்த்ததிலயும் நியாயம் இருக்கு. ஆனா உங்கட விசயம் அந்தச் சண்டைக்குள்ள வராது.

மானிப்பாய்: என்ர நாவலைக் குறை சொல்லி ஒருத்தர் எழுதியிருக்கிறார். பதில் எழுதலாமோ?

கோண்டாவிலுக்குச் சொன்னதுதான்.

திருநெல்வேலி: கூட்டாளிமாரைக் கொண்டு என்ர புத்தகத்துக்கு ஐஞ்சு நட்சத்திரம் போடுவிக்கலாமோ? எதிராளிக்கு ஒண்டு?

2023 டிசம்பரில அமெரிக்காவில முதல் நாவல் வர இருந்த ஒருத்தர் குட்ரீட்ஸ் எண்ட புத்தக மதிப்பீட்டுத் தளத்தில போலிக் கணக்குகள் வைச்சு மற்றவையின்ர புத்தகங்களுக்கு ஒரு நட்சத்திரம் போட்டுப் பிடிபட்டார். பதிப்பகம் அவற்ற நாவலையே கைவிட்டுது. யாழ்ப்பாணத்தில பிடிபட அரை நாள் காணும்.

வண்ணார்பண்ணை: முந்தி எங்கட ஊரில விமர்சனம் எவ்வளவு கண்ணியமாய் இருந்தது. இந்தக் காலத்துப் பெடியளுக்கு அது எங்க விளங்கப்போகுது?

எந்த முந்தி? வள்ளலாரின்ர பாட்டு அருட்பாவோ மருட்பாவோ எண்டு ஆறுமுக நாவலர் தரப்பு நடத்தின சண்டை 1869இல மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரைக்கும் போனது. கண்டனத்துக்கு மறுகண்டனம், அதுக்கொரு மறுப்பு எண்டு அச்சுக்கூடங்களுக்கு நல்ல வேலை.

நல்லூர்: நாவலர் பெருமானை முகநூல் காவாலிகளோட ஒப்பிடுறீங்களோ? மன்னிப்புக் கேளுங்கோ.

ஒப்பிடேல்லை. அவர் தன்ர கண்டனங்களை அச்சில, நூலாய்ப் போட்டார். மற்றவை அதை எடுத்து வைச்சு மறுக்கக்கூடியதாய் இருந்தது. ஆனா கண்ணியம் எண்டு சொல்லாதையுங்கோ, அது அவருக்கே பொருந்தாது. அவற்ற கண்டனங்களை ஒருக்கால் வாசியுங்கோ, தமிழ் உரைநடைக்கு எவ்வளவு பல் இருக்கு எண்டு தெரியும்.

பருத்தித்துறை: நாவலரோட ஏன் நிப்பாட்டினீங்கள்? 1960களில பேச்சுத்தமிழில கதை எழுதினவையை "இழிசனர்" எண்டு சொன்னது எங்கட பண்டிதர்மார்தானே?

சரியாய்ச் சொன்னீங்கள். டொமினிக் ஜீவா 1966இல மல்லிகைச் சஞ்சிகையைத் தொடங்கினார், சலூன் வைச்சிருந்த மனிசன். எழுத்தாளர் டானியல், ஜீவா ரண்டு பேருக்கும் வந்த வசையில பாதி எழுத்துக்கு வந்ததில்லை, பிறப்புக்கு, சாதிக்கு வந்தது. மல்லிகைப் பழைய இதழ்கள் நூலகம் எண்ட இணையத்தளத்தில கிடக்கு, போய்ப் பாருங்கோ.

நல்லூர்: எழுதிறவர் எங்கயிருந்து வாறார் எண்டு கேக்கிறதும் விமர்சனம்தானே? பின்னணி தெரியாமல் எப்பிடி வாசிக்கிறது?

பின்னணி வேணுமெண்டால் முன்னுரையை வாசியுங்கோ. "எந்தப் பகுதி" எண்டு கேக்கிறது எதுக்கெண்டு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நல்லூர்: நாவலர் விசயத்துக்கு நீங்கள் இன்னும் பதில்...

சொல்லியாச்சு.

கிளிநொச்சி: கவிதை ஒண்டு போட்டனான். "இவன் தீவிரவாதி" எண்டு எழுதிப் பொலிஸ் பக்கத்துக்கு ராக் பண்ணியிருக்கினம். அழிக்கட்டோ?

அவசரப்பட்டு அழிக்காதையுங்கோ, சட்டத்தரணியிட்டக் கேட்டுச் செய்யுங்கோ. எங்கட நாட்டில இதைப் பகிடியாய் எடுக்கேலாது. மன்னார்க் கவிஞர் அஹ்னாஃப் ஜஸீமை 2020 மேயில பயங்கரவாதத் தடைச் சட்டத்தில பிடிச்சவை. தீவிரவாதத்துக்கு எதிராய் எழுதின தமிழ்க் கவிதைகளையே தீவிரவாதம் எண்டு வாசிச்சினம். பிணை 2021 டிசம்பரில. விடுதலை 2023 டிசம்பரில. அதால கவிதை முழுசையும் திகதியோட பிரதி எடுத்து வையுங்கோ. ஒரு வரியை மட்டும் வெட்டிக் காட்டுவினம். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்திலயும் அலுவலகம் இருக்கு. ராக் பண்ணின பதிவையும் எடுங்கோ. ஸ்கிரீன்ஷொட், ஸ்கிரீன்ஷொட்.

சாவகச்சேரி: ரீச்சர், என்ர பத்துக் கவிதை அனுப்பியிருக்கிறன், கருத்துச் சொல்லுங்கோ.

இண்டைக்கு இல்லை.

இணுவில்: ஒருத்தர் என்ர புத்தகத்தைப் பற்றி மோசமாய்...

கோண்டாவில்! மேல போய் வாசியுங்கோ.

மிச்சக் கேள்வியளை அடுத்த ஞாயிறு பாப்பம். நாவலருக்காக வந்திருக்கிற பதினேழு செய்தியையும் நான் திறக்கேல்லை. உடுவில் பிள்ளை, நீங்கள் மட்டும் இண்டைக்கே எனக்குக் கோல் எடுங்கோ, எத்தினை மணியெண்டாலும் பரவாயில்லை. பொலிஸுக்கு நான் கூட வாறன்.