எந்த மெஷின் என்று எழுதாமல் கேட்காதீர்கள்
கைக்கடிகார முள், டயல் மாற்றம்: வாசகர் கேள்வி-பதில்

காட்பாடி வாசகர், பொறியியல் மாணவர்: என்னிடம் ஜப்பான் ஆட்டோமேட்டிக் கடிகாரம் ஒன்று இருக்கிறது. 28.5 மி.மீ. நீல டயலும் புது முட்களும் வாங்கிவிட்டேன். பொருந்துமா ஐயா?

ஜப்பான் ஆட்டோமேட்டிக் என்பது எந்த மெஷினின், அதாவது கடிகாரத்தை உள்ளிருந்து ஓட்டும் இயந்திரத்தின், பெயரும் அல்ல. பொறியியல் படிக்கிறவர் பொருளை வாங்கிய பிறகு அளவு கேட்பது வியப்பாக இருக்கிறது. பின்மூடியைத் திறந்து, ரோட்டரிலோ (கை அசையும்போது சுழலும் அரைவட்டத் தகடு) அதன் கீழேயோ பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். என்.ஹெச்.35 என்றிருந்தால் மணி, நிமிட, விநாடி முட்களின் துளைகள் முறையே 1.50, 0.90, 0.20 மி.மீ. இருக்க வேண்டும், மியோட்டா 8215 என்றிருந்தால் 1.50, 1.00, 0.17 மி.மீ. மணி முள்ளின் துளை இரண்டுக்கும் ஒன்றே என்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். முதல் முள் ஒழுங்காக அமர்ந்துவிட்டதே என்ற நம்பிக்கையில் நிமிட முள்ளை அழுத்தி, அதன் துளையைச் சுற்றியுள்ள குழலைப் பிளந்துவிடுகிறார்கள். 28.5 என்பது கேஸுக்குள் (கடிகாரத்தின் வெளிக்கூட்டுக்குள்) டயல் அடங்குமா என்பதை மட்டுமே சொல்லும், மெஷினோடு சேருமா என்பதைச் சொல்லாது.

குடியாத்தம் வாசகர்: ஈ.டி.ஏ. 2824 என்ற சுவிஸ் மெஷினுக்கு உரிய முட்களை என்.ஹெச்.35-இல் போட்டேன். மற்ற இரண்டும் நிற்கின்றன. விநாடி முள் மட்டும் கழன்று விழுகிறது.

விழத்தான் செய்யும். ஈ.டி.ஏ. முள்ளின் துளை 0.25, உங்கள் மெஷினின் ஊசி 0.20. குழலை நசுக்கிப் பிடிக்க வைக்காதீர்கள்; சரியான விநாடி முள்ளைத் தனியாக வாங்குங்கள்.

ராணிப்பேட்டை வாசகர்: புது டயலின் கால்கள் மெஷினின் துளைகளில் இறங்கவில்லை. கால்களை வெட்டிவிட்டுப் பசை வைத்து ஒட்டிவிடலாம் என்று கடைக்காரர் சொல்கிறார். செய்யலாமா?

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. நானும் அதே பதிலைச் சலிக்காமல் எழுதி வருகிறேன். டயலின் பின்புறம் இருக்கும் அந்த இரண்டு சிறு கால்களும் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. டயலின் நடுத்துளை முள் ஊசிக்கு நேராக நிற்பதும், தேதிச் சாளரம் எண்ணுக்கு நேராக அமைவதும், டயல் சுழலாமல் இருப்பதும், மெஷினின் மேல் தட்டையாகப் படிந்து கிடப்பதும் அவற்றால்தான். அவற்றை வெட்டிவிட்டு ஒட்டுவது, தேர்ச்சக்கரத்தின் கடையாணியைப் பிடுங்கிவிட்டுக் கயிற்றால் கட்டுவதற்குச் சமம்.

ஒட்டிய கடிகாரம் என் மேசைக்கு வரும்போது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். உடனடிப் பசையாக இருந்தால் அதன் ஆவி படிந்து டயலின் விளிம்பும் கண்ணாடியின் உட்புறமும் வெண்மையாகப் பூத்திருக்கும். வழிந்த பசை தேதி வளையத்தைப் பிடித்திருந்தால் தேதி பாதியில் நின்றிருக்கும். இரட்டைப் பக்க ஒட்டுத்தாளாக இருந்தால் டயல் அந்தத் தாளின் கனத்துக்கு உயர்ந்துவிடும். நிமிட முள் அமரும் குழல் அந்த அளவுக்கு டயலுக்குள் புதைந்து, முட்களுக்குப் பிடிமானம் குறையும். வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாளில், வண்டியின் டேங்க் பையில் கடிகாரத்தை வைத்துவிட்டுப் போனால், இளகிய பசையில் டயல் ஒரு மயிரிழை நகர்ந்தாலே போதும், முள்ளின் குழல் நடுத்துளையின் விளிம்பில் உரசத் தொடங்கிவிடும். இதையெல்லாம் தாண்டி, அடுத்து சர்வீசுக்குத் திறப்பவர் அந்த டயலை நெம்பித்தான் எடுக்க வேண்டும். நெம்பினால் வளையும், வளைந்தால் பெயிண்ட் வெடிக்கும். ஒட்டச் சொன்ன கடைக்காரர் அப்போது அந்த வேலையைக் கையில் வாங்க மாட்டார்.

ஒரே ஒரு வகையில் மட்டும் கால் வெட்டுவது முறையானது. என்.ஹெச்.35-க்கு என்று விற்கும் டயல்கள் பலவற்றில் நான்கு கால்கள் இருக்கும்: இரண்டு, சாவி (நேரம் மாற்றத் திருகும் குமிழ்) 3 மணிப் பக்கம் உள்ள கேஸுக்கு, மற்ற இரண்டு, 4 மணிப் பக்கம் உள்ள கேஸுக்கு. உங்களுக்கு வேண்டிய இரண்டு எவை என்பதை மெஷின் மேல் வைத்துப் பார்த்து உறுதி செய்த பிறகே, டயலை விளிம்பில் பிடித்துக்கொண்டு, மற்ற இரண்டையும் அடியோடு நறுக்க வேண்டும். உங்கள் டயல் அந்த வகையா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிட்டு, உங்கள் மெஷின் எண்ணுக்கு உரிய டயலை வாங்குங்கள்.

ஆம்பூர் வாசகர்: 4 மணிப் பக்கம் சாவி உள்ள கேஸில் புது என்.ஹெச்.35 வைத்தேன். தேதி எண்கள் சாய்வாகத் தெரிகின்றன.

மெஷினில் கோளாறு இல்லை. சாவியை நான்குக்குத் திருப்பும்போது மெஷினும் சேர்ந்து திரும்புகிறது. அதன் தேதி வளையமோ 3 மணிச் சாவிக்கு அச்சிட்டது. 4 மணிச் சாவிக்கு என்று அச்சிட்ட வளையம் தனியாகக் கிடைக்கிறது, அதை மாற்றுங்கள். டயல் கால்களை நறுக்கும் முன் மேலே எழுதியதை இன்னொரு முறை படித்துவிடுங்கள்.

ஆரணி வாசகர்: முள் மாற்றிய நாள் முதல் கடிகாரம் அடிக்கடி நிற்கிறது. தட்டினால் ஓடுகிறது. மெஷின் போய்விட்டதா?

மெஷின் பெயரைக் காணோம். ஆனாலும் இதற்குப் பதில் உண்டு. நிற்கும் நேரங்களைக் குறித்து வையுங்கள். 1.05, 2.11, 3.16 என்று ஏறத்தாழ 65 நிமிட இடைவெளியில் நிற்கிறது என்றால், மணி முள்ளும் நிமிட முள்ளும் ஒன்றன்மேல் ஒன்று வரும் இடத்தில் உரசுகின்றன. நிற்கும்போதெல்லாம் விநாடி முள் நிமிட முள்ளின் மேலேயே கிடந்தால் குற்றம் அந்த இரண்டுக்கும் நடுவே. லென்ஸை வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால், மூன்று முட்களுக்கும் இடையில் வெளிச்சம் தெரிய வேண்டும். கேஸை விட்டு வெளியே எடுத்து வைத்தால் ஓடி, கண்ணாடியுள்ள கேஸுக்குள் வைத்து மூடினால் நிற்கிறது என்றால் விநாடி முள் கண்ணாடியைத் தொடுகிறது. தட்டி ஓட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

வாலாஜாபேட்டை வாசகர்: முள் போட்ட பிறகு தேதி விடியற்காலை 5 மணிக்கு மாறுகிறது.

முட்களைக் கழற்றி, தேதி தாவும் நொடி வரை சாவியைத் திருப்பி, அங்கே மணி முள்ளையும் நிமிட முள்ளையும் 12-இல் அமர்த்துங்கள். இரவு 9 முதல் பின்னிரவு 3 வரை தேதியைத் தனியாகத் திருப்பாதீர்கள்.

திருப்பத்தூர் வாசகர்: தாத்தாவின் எச்.எம்.டி. ஜனதாவில் ஆட்டோமேட்டிக் மெஷினும் புது டயலும் போட முடியுமா?

முடியாது. தினமும் சாவி கொடுக்கும் மெல்லிய 17 கல் (உராய்வைக் குறைக்கப் பதிக்கும் சிறு கற்கள்) மெஷினுக்கு என்று செய்த கேஸ் அது; 5.3 மி.மீ. தடிமனும் 27.4 மி.மீ. அகலமும் உள்ள என்.ஹெச்.35 அதற்குள் அடங்காது. எச்.எம்.டி.யின் கடிகார நிறுவனத்தை மூட 2016-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்துவிட்டது. ஆகவே இன்று சந்தையில் பளபளக்கும் பல நிற ஜனதா டயல்களில் பெரும்பாலானவை பழைய தகட்டின் மேல் மறுபடி அச்சிட்டவை. இருக்கும் மெஷினைக் கழுவி எண்ணெய் இட்டு வாங்குங்கள். டயலைத் துடைக்கச் சொல்லாதீர்கள். எழுத்துகள் துணியோடு வந்துவிடும்.