பழைய இசைத்தாளின் ரிப்பீட் குறியை மென்பொருள் ஏன் தவறாக வாசிக்கிறது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 17ஆம் நூற்றாண்டு நடன இசை ஒன்றை மூலத்தில் இருந்தபடியே மியூஸ்கோர் என்ற இசைத்தாள் மென்பொருளில் எழுதியிருக்கிறீர்கள். நடுவில் ஓர் இரட்டைக் கோடு, அதன் இருபுறமும் புள்ளிகள்: ‘திரும்ப வாசி’ என்னும் ரிப்பீட் குறி. மென்பொருள் முதல் பகுதியை இருமுறை வாசிக்கிறது, இரண்டாவதை ஒருமுறையோடு முடித்துவிடுகிறது. எது சரி?

இரண்டையுமே இருமுறை வாசிக்க வேண்டும். அந்தக் குறி இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் சேர்த்தே பேசுகிறது. இறுதியில் இன்னொரு குறி போட வேண்டும் என்று அக்காலத்தில் பலரும் நினைக்கவில்லை. மென்பொருளுக்கு வலப்புறப் புள்ளிகள் ‘பிறகு திரும்பும்போது இங்கே வந்து நில்’ என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. கடைசியில் ‘திரும்பு’ என்ற குறி இல்லாததால் அது திரும்புவதில்லை. இறுதிக் கோட்டை ரிப்பீட் கோடாக மாற்றுங்கள், அரை நிமிட வேலை.

இதே பள்ளத்தில் நானும் விழுந்திருக்கிறேன். நான்கு பேர் சேர்ந்து வாசிக்கும் நடன இசை ஒன்றை எழுதி, மென்பொருள் வாசித்ததைக் கேட்டு, அதுவே சரி என்று நம்பி, தாள்களை அச்சிட்டு நண்பர்களிடம் கொடுத்தேன். ஒருவர் மட்டும் பிடிவாதமாக மூலத்தின் நகலைப் பார்த்தே வாசித்தார். முடிவு வந்தது, மூவர் நிறுத்தினோம், அவர் இரண்டாம் பகுதிக்குத் திரும்பித் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். அவர்தான் சரி என்று ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

பழைய குறிகள், அந்த இசை வடிவத்தை ஏற்கெனவே அறிந்தவருக்கு வைத்த நினைவூட்டல்கள். வடிவம் தெரியாமல் குறியை மட்டும் படித்தால் மனிதரும் தடுமாறுவார். பிரெஞ்சு இசையமைப்பாளர் மஷோவின் (இறந்தது 1377) ரோந்தோ பாடல்களை, அதாவது பல்லவி வரிகள் திரும்பத் திரும்ப வரும் பாடல்களைப் பாருங்கள். எட்டு வரிக் கவிதைக்கு ஏட்டில் இருப்பது இரண்டே இசைப்பகுதிகள். பாட வேண்டிய வரிசை 1, 2, 1, 1, 1, 2, 1, 2. இதில் முதல், நான்காம், ஏழாம் இடங்களில் ஒரே சொற்கள். இரண்டாம், எட்டாம் இடங்களிலும் அப்படியே. இந்த வரிசையை எந்த ரிப்பீட் கோட்டாலும் சொல்ல முடியாது. கவிதையின் அமைப்புதான் சொல்கிறது. ரிப்பீட் கோடுகளையும் தாவல் குறிகளையும் அடுக்கி இதை இயக்க ஒரு மாலைப்பொழுதை வீணாக்கினேன். இப்போதெல்லாம் ஒலிக்காகத் தனிக் கோப்பு வைத்து, அதில் எட்டுப் பகுதிகளையும் நீட்டி எழுதிவிடுகிறேன். பார்க்க ஒன்று, கேட்க ஒன்று. லிலிபாண்ட் என்ற இன்னொரு இசைத்தாள் மென்பொருளில் ரிப்பீட் கட்டளையால் எழுதிய இசை என்றால் இது இன்னும் சுலபம்: அச்சுக்குச் சுருக்கமாக வைத்துக்கொண்டு, கணினி வாசிக்கும் மிடி ஒலிக்கு மட்டும் ‘அன்ஃபோல்ட் ரிப்பீட்ஸ்’ கட்டளையால் விரித்துவிடலாம்.

இன்னொரு பொறி ஃபெர்மாட்டா, வளைவும் அதனுள் புள்ளியும் கொண்ட குறி. இசையமைப்பாளர் ஹேண்டல் காலத்து டா காப்போ பாடல்களில் (இரண்டாம் பகுதி முடிந்ததும் மீண்டும் முதல் பகுதிக்குத் திரும்புபவை) முதல் பகுதியின் கடைசிச் சுரத்தின் மேல் அது இருந்தால், பெரும்பாலும் ‘திரும்பி வந்தபின் இங்கே முடி’ என்று பொருள். மென்பொருளோ போகும்போதும் வரும்போதும் அங்கே நின்று மூச்சு வாங்கும். மியூஸ்கோரில் அந்தக் குறியின் பண்புகளில் நேர நீட்டிப்பை 100 சதவீதமாக்கினால் அடங்கும்.

முடிவுச் சுரத்தின் நீளத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். 16ஆம் நூற்றாண்டு அச்சில் கடைசிச் சுரத்தை ‘லோங்கா’ என்ற நீண்ட வடிவில் போடுவது வழக்கம். எண்ணி வாசிக்க அல்ல, முடிந்தது என்று காட்ட. திரும்ப வாசிக்கும்போது தாளம் அறுந்துபோகாமல் அதைச் சுருக்க வேண்டும். இசை அரைகுறைப் பாரில் (பார் என்பது இரு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட தாள அளவு) தொடங்கினால் கவனம் இரட்டிப்பாகத் தேவை: தொடக்கத்தில் ஒரு தட்டு இருந்தால், பகுதியின் கடைசிப் பாரில் அந்த ஒரு தட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். மியூஸ்கோரில் பாரின் பண்புகளில் ‘உண்மையான நீளம்’ என்ற இடத்தில் இதை மாற்றலாம். அப்படி மாற்றும்போது எது உங்கள் முடிவு, எது மூலத்தில் உள்ளது என்று தாளின் அடியில் ஒரு வரி எழுதிவையுங்கள். அடுத்த ஆண்டு நீங்களே மறந்துவிடுவீர்கள்.

உங்கள் நடனம் பிரெஞ்சு வகை என்றால், கடைசிச் சில பார்களுக்கு முன்னால் ‘எஸ்’ எழுத்து போன்ற சிறு குறி ஏதும் இருக்கிறதா என்று மூலத்தை ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். இருந்தால் அது ‘பெத்தித் ரெப்ரீஸ்’ ஆக இருக்கக்கூடும்: இரு பகுதிகளையும் இருமுறை வாசித்து முடித்தபின் அந்தச் சில பார்களை மட்டும் இன்னொருமுறை வாசிப்பது. அந்தக் குறியையும் இந்தப் பதிலின் கீழே படமாகப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.