பெடல் மேலே வரும்போது கால் மடங்கவில்லை

கேள்வி: எனக்கு 61 வயது. வள்ளியூர் பக்கம் ஒரு கிராமம். நான்கு மாதத்துக்கு முன்னால் வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டேன். இப்போது கம்பு இல்லாமல் நடக்கிறேன். பிசியோதெரபியில் அளந்து பார்த்து 100 டிகிரி மடங்குகிறது என்றார்கள். வாழைத்தோட்டம் 4 கிலோமீட்டர் தூரம். மகன் வாங்கித் தந்த எலக்ட்ரிக் சைக்கிளில் ஏறினால், பெடல் மேலே வரும்போது கால் மடங்காமல் பிடித்து இழுக்கிறது. பாருக்கு மேலே காலைத் தூக்கிப் போடுவதும் சிரமம். கடைக்காரர் சீட்டை நன்றாக ஏற்றிக் கொடுத்தார். இப்போது கால் தரையில் எட்டவில்லை. வண்டியை மாற்றி அமைத்து ஓட்டலாமா, விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்: விட்டுவிட வேண்டாம், அண்ணாச்சி. செயற்கை மூட்டுக்குள்ளேயே சென்சார் வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். சமதளத்தில் நடக்கும்போது அதன் மேல் உடல் எடையைப்போல் சுமார் இரண்டரை மடங்கு பாரம் விழுகிறது. சைக்கிளை நிதானமாக மிதிக்கும்போது ஏறக்குறைய உடல் எடை அளவுதான். தோட்டத்துக்கு நடந்து போவதைவிட மிதித்துப் போவது மூட்டுக்கு லேசு.

சீட்டை ஏற்றியது தப்பில்லை, ஆனால் அது பாதி வைத்தியம். பெரியவர்கள் ஓட்டும் சைக்கிளில் கிராங்க், அதாவது பெடலை நடு அச்சோடு இணைக்கும் கை, 170 மில்லிமீட்டர் வாக்கில் இருக்கும். அதில் பெடல் உச்சிக்கு வரும்போது முழங்கால் 110 டிகிரி வரை மடங்க வேண்டியிருக்கும். உங்களிடம் இருப்பது 100. அந்தப் பத்து டிகிரிக்கு, கணக்குப் போட்டால், சுமார் 6 சென்டிமீட்டர் இடம் வேண்டும். முழுவதையும் சீட்டிலேயே ஏற்றினால் பெடல் அடிக்குப் போகும்போது கால் எட்டாது, தரையும் எட்டாது. உங்களுக்கு நடந்திருப்பது இதுதான்.

கிராங்கை 3 சென்டிமீட்டர் குட்டையாக்குங்கள். பெடல் உச்சியில் 3 சென்டிமீட்டர் இறங்கிவிடும். அடியில் அதே அளவு மேலே வரும், அதனால் சீட்டைப் பழைய உயரத்திலிருந்து 3 சென்டிமீட்டர் ஏற்றினால் போதும். கால் மடங்க 6 சென்டிமீட்டர் கிடைத்துவிடும். குட்டைக் கிராங்கில் மிதிக்கக் கொஞ்சம் அழுத்தம் கூடும். அதை மோட்டார் பார்த்துக்கொள்ளும். சாதாரண சைக்கிளைவிட உங்கள் வண்டி இந்தக் காலுக்குத் தோதானது என்று நான் நினைப்பது அதனால்தான்.

சிறுவர் சைக்கிள்களுக்கு 140 மில்லிமீட்டரை ஒட்டிய கிராங்க் வரும். உங்கள் வண்டி அச்சுக்குப் பொருந்துகிறதா என்று கடையில் பார்த்து, இரண்டு பக்கமும் ஒரே அளவில் மாட்டச் சொல்லுங்கள். பெடல் சுற்றுவதை மோட்டாருக்குச் சொல்லும் காந்தத் தட்டு அந்த அச்சில் இருந்தால், கழற்றியதை அதே இடத்தில் திரும்ப மாட்ட வேண்டும். பழைய கிராங்கை அறுத்து வெல்டிங் வைக்க மட்டும் சம்மதிக்காதீர்கள். மிதிக்கும்போது ஒடிந்தால் விழுவது நீங்கள்.

விழுவதைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். மூட்டு மாற்றியவர்கள் விழுந்தால், செயற்கை மூட்டை ஒட்டிய எலும்பு முறியலாம். அதைச் சரிசெய்வது முதல் அறுவைச் சிகிச்சையைவிடக் கடினம். ஓடும்போது விழுவதைவிட ஏறும்போதும் இறங்கும்போதும்தான் தடுமாறுவார்கள். அதனால் பார் வைத்த வண்டியைக் கொடுத்துவிட்டு, லேடீஸ் சைக்கிள் மாதிரி நடுவில் தாழ்ந்த மாடலாக மாற்றிக்கொள்ளுங்கள். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. அதுவரை, வண்டியை உங்கள் பக்கமாக நன்றாகச் சாய்த்து, வலது காலை மெதுவாக அந்தப் பக்கம் கொண்டுபோங்கள். நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி இடது காலை ஊன்றுங்கள். நல்ல கால் சாலையோரம் இருப்பது உங்களுக்கு வசதி.

இன்னொன்று. பல வண்டிகளில் பெடல் கொஞ்சம் சுற்றினாலே மோட்டார் வெடுக்கென்று இழுக்கும். ஏறி உட்காரும் வரை மோட்டார் அணைந்தே இருக்கட்டும். பிரேக் பிடித்தால் மோட்டார் நிற்கிறதா என்று தினமும் ஒரு தடவை பாருங்கள்.

அகலமான ஸ்பிரிங் சீட், கொஞ்சம் உயர்த்திய ஹேண்டில்பார் இரண்டும் நல்லது. 250 வாட்டுக்கு மேல் மோட்டார் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். அது பதிவும் லைசென்ஸும் தேவைப்படும் வண்டியாகிவிடும். உங்களுக்கு அந்த வேகமும் தேவையில்லை.

கிராங்க் மாற்றியதும் உடனே ரோட்டுக்குப் போகாதீர்கள். முற்றத்தில் பின்சக்கரம் தரையில் படாதபடி வண்டியை நிறுத்தி, ஒருவர் பிடித்துக்கொள்ள, மோட்டார் இல்லாமல் முதலில் பின்பக்கமாகச் சுற்றுங்கள். இழுக்காமல் முழுச் சுற்று வந்தால் முன்பக்கமாக. அப்படிப் பத்து நிமிடம், ஒரு வாரம். அப்புறம் தெருவுக்குள். தோட்டம் கடைசியில். அதற்குள் உங்களுக்கு ஆபரேஷன் செய்த டாக்டரிடம் காலைக் காட்டி ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

உங்கள் பக்கத்துக் காற்றையும் சொல்ல வேண்டும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்குத்தானே அத்தனை காற்றாலை நிற்கிறது! எதிர்க்காற்றில் வைராக்கியமாக மிதிக்காதீர்கள், மோட்டாரைக் கூட்டி வையுங்கள். பக்கக்காற்று பலமாக அடிக்கிற நாளில் வண்டியே வேண்டாம், பஸ்ஸோ ஆட்டோவோ பாருங்கள்.

ஓட்டிய அன்று சாயந்திரம் லேசாக வீங்கி, காலையில் வடிந்துவிட்டால் பயமில்லை. மறுநாளும் வீக்கம் வடியாமல் இருந்தால் தூரத்தைப் பாதியாக்குங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். காய்ச்சலோடு மூட்டு சிவந்து சூடாக இருந்தாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். தோட்டத்தில் செருப்பில்லாமல் நடக்காதீர்கள். காலில் உடைமுள் ஏறிச் சீழ் வைத்தால், அந்தக் கிருமி ரத்தம் வழியாக மூட்டுக்குப் போய்ச் சேரலாம். மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு நாள் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.